டார்வின் தோட்டத்தில் மஞ்சள் பிடரியுடன் ஒரு லோரிகீட்: வானவில்லா, செங்கழுத்தா?

மாங்கொழுந்து (டார்வின்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிஸ்பேனில் சில ஆண்டுகள் வசித்த பின், பணி மாறுதலால் குடும்பத்துடன் டார்வினுக்கு வந்திருக்கிறோம். பிரிஸ்பேன் வீட்டு முற்றத்தில் இருந்த பாட்டில்பிரஷ் மரத்துக்கு வானவில் லோரிகீட் கிளிகள் காலையும் மாலையும் கூட்டமாக வந்து, பூக்கதிர்களில் தலைகீழாகத் தொங்கியபடி தேன் நக்குவதை மிக அருகிலிருந்து பார்த்துப் பழகியிருந்தோம். இங்கே எங்கள் தெரு மரங்களுக்கும் அதே உருவத்தில், அதே கிறீச்சிடும் குரலுடன், அதே வேகத்தில் பறக்கும் லோரிகீட்டுகள் வருகின்றன. ஆனால் இவற்றின் பிடரியில், அங்கே பார்த்த மஞ்சள் கலந்த பச்சைப் பட்டை இல்லை; அந்த இடத்தில் பளிச்சென்ற செம்மஞ்சள் பட்டை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் இதைச் செங்கழுத்து லோரிகீட் என்கிறார்கள்.

என்னிடம் உள்ள பழைய பறவைக் கையேடு இவை இரண்டையும் ஒரே இனத்தின் வட்டார வடிவங்களாகக் காட்டுகிறது. கைப்பேசிச் செயலியோ இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்யச் சொல்கிறது. இவற்றில் எதை ஏற்றுக்கொள்வது? நிறத்தைத் தவிர உணவிலோ வாழ்முறையிலோ இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டா?

இன்னொரு செய்தியும் உண்டு. உண்மையில் அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். சில நாள்களாக எங்கள் தோட்டத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு பறவையின் பிடரி மட்டும் மஞ்சள்பச்சையாக இருக்கிறது. மற்றவை அதைத் துரத்துவதில்லை. ஒரே கிளையில் நெருக்கமாகவே அமர்கின்றன. கிழக்குக் கரையிலிருந்து வானவில் லோரிகீட் இவ்வளவு தூரம் பறந்து வரக்கூடுமா, அல்லது இது நிறம் முழுமையடையாத இளம்பறவையா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கானக்குயில் (பிரிஸ்பேன்) எழுதியது:

வணக்கம். உங்கள் தெருவுக்கு வருபவை செங்கழுத்து லோரிகீட்டுகளே. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடகோடியான கிம்பர்லி தொடங்கி, வடக்குப் பிரதேசத்தின் வடபாதி முழுவதும், கிழக்கே கார்ப்பென்டாரியா வளைகுடாவின் ஓரம் வரை இயல்பாக வாழும் பெரிய லோரிகீட் அது ஒன்றுதான். வேரியட் லோரிகீட் என்ற இன்னொன்றும் அப்பகுதிகளில் உண்டு; ஆனால் அது உருவில் சிறியது, பெரும்பாலும் பச்சை, தலையுச்சி சிவப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உடையது. அதனால் குழப்பத்துக்கு இடமில்லை.

வானவில், செங்கழுத்து இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலோர் பிடரியைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பிடரிக்கு இணையாக, சில வேளைகளில் பிடரியைவிடவும், வயிறு உதவுகிறது. இவை எப்போதும் நம் தலைக்கு மேலே கிளைகளில் தொங்குகின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் நமக்குப் பிடரி தெரியாமல் போகலாம், வயிறு தெரியாமல் போகாது. வானவில் லோரிகீட்டின் வயிறு ஊதாச் சாயல் கொண்ட ஆழ்ந்த நீலம். செங்கழுத்தின் வயிறு பச்சைச் சாயல் கொண்ட கருமை. நிழலில் முழுக் கறுப்பாகவே தெரியும். அடுத்து மார்பைப் பாருங்கள். கிழக்குக் கரைப் பறவையின் மார்பில் நடுப்பகுதி சிவப்பாகவும் இருபுறமும் மஞ்சளாகவும் கலந்திருக்கும். உங்கள் ஊர்ப் பறவையின் மார்பு ஏறத்தாழ ஒரே சீரான செம்மஞ்சளாக இருக்கும்.

பறவை கீழே குனிந்து பிடரியைக் காட்டினால், பட்டையின் நிறத்தோடு நிறுத்திவிடாமல் அதற்குக் கீழே உள்ள இறகுகளையும் கவனியுங்கள். வானவில் லோரிகீட்டில் மஞ்சள்பச்சைப் பட்டை முடிந்ததும் முதுகின் பச்சை தொடங்கிவிடும். செங்கழுத்தில் செம்மஞ்சள் பட்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று குறுக்கே ஓடி, அதன் பின்னரே பச்சை வரும். நூல்கள் பலவற்றில் இந்தக் கருநீலப் பட்டையைப் போகிறபோக்கில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் களத்தில் நான் அதையே பெரிதும் நம்புகிறேன்.

பறக்கும்போது தெரியும் அடையாளங்களை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டுக்கும் சிறகின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமும், நீண்ட இறகுகளின் குறுக்கே மஞ்சள் பட்டையும் உண்டு. இரண்டுக்கும் தலை நீலம், அலகு சிவப்பு கலந்த ஆரஞ்சு, நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. ஆணையும் பெண்ணையும் தோற்றத்தில் வேறுபடுத்த முடியாது என்பதும் இரண்டுக்கும் பொது. குரலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் காதை மட்டும் நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

இளம்பறவையா என்று கேட்டிருந்தீர்கள். இளம்பறவையின் நிறங்கள் எல்லாமே மங்கலாக இருக்கும். அதோடு அலகு கருமை கலந்த பழுப்பாகவும் கண் பழுப்பாகவும் இருக்கும். நீங்கள் பார்த்த பறவையின் அலகு நன்கு சிவந்து, வயிறும் நீலமாக இருந்தால், அது வளர்ந்த வானவில் லோரிகீட். அலகு பழுப்பு, வயிறு கறுப்பு என்றால் செங்கழுத்தின் குஞ்சு. பிரிஸ்பேனுக்கும் டார்வினுக்கும் இடையே நேர்கோட்டிலேயே 2,800 கி.மீ.க்கு மேல் இருப்பதால், அது தானாகப் பறந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தயவுசெய்து இந்த மூன்றையும் (அலகு, கண், வயிறு) ஒருமுறை கவனித்துவிட்டு எழுதுங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டின் உணவும் அடிப்படையில் ஒன்றே: பூந்தேன், மகரந்தம், கொஞ்சம் கனி, கிடைத்தால் சிறு பூச்சிகள். மாறுவது மரங்கள்தான். கிழக்குக் கரையில் பாங்க்ஸியா, கிரெவில்லியா, பாட்டில்பிரஷ், பலவகை யூகலிப்டஸ்கள் என்று நகரத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருப்பதால், வானவில் லோரிகீட் பெரும்பாலும் ஊரோடு ஒட்டிய பறவையாகிவிட்டது. உங்கள் பகுதியில் மழை இல்லாத மாதங்களில் வூலிபட் மரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்; அதே பருவத்தில் ஸ்ட்ரிங்கிபார்க், தங்க நிறக் கிரெவில்லியா ஆகியவையும் பூக்கும். செங்கழுத்துக் கூட்டங்கள் அந்தப் பூக்களைத் தொடர்ந்து இடம் மாறிக்கொண்டே இருப்பதைக் காண்பீர்கள். வூலிபட் பூங்கொத்தில் மேய்ந்துவிட்டு வரும் பறவையைத் தொலைநோக்கியில் பாருங்கள். அலகைச் சுற்றியுள்ள நீல இறகுகளில் மகரந்தம் மஞ்சள் மாவாக ஒட்டியிருக்கும்.


ஏடும் இறகும் (சிங்கப்பூர்) எழுதியது:

மாங்கொழுந்து அவர்களுக்கு வணக்கம். ஓர் இனமா, ஈரினமா என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் கையேடும் செயலியும் வெவ்வேறு காலத்து வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இந்தோனேசியாவின் பாலி, லொம்போக் தீவுகள் தொடங்கி, நியூ கினியா வழியாக, நியூ கலிடோனியா வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியா வரையிலும் பரவியிருந்த இவ்வகைப் பறவைகள் அனைத்தையும் டிரைக்கோகிளாசஸ் ஹெமட்டோடஸ் என்ற ஒரே இனத்தில் அடக்கியிருந்தார்கள். அதன் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட துணையினங்கள் இருந்தன. தீவுக்குத் தீவு மார்பின் நிறமும், வயிற்றின் நிறமும், பிடரிப் பட்டையும் மாறிக்கொண்டே போகும் இந்தக் கூட்டத்தைப் பின்னர் பல இனங்களாகப் பிரித்தார்கள். இன்றைய உலகப் பட்டியல்களில் கிழக்கு ஆஸ்திரேலியப் பறவை டிரைக்கோகிளாசஸ் மொலுக்கானஸ் என்றும், வடக்கு ஆஸ்திரேலியப் பறவை டிரைக்கோகிளாசஸ் ரூப்ரிடார்க்விஸ் என்றும் தனித்தனியே நிற்கின்றன. நியூ கினியாவிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழ்வது தென்னை லோரிகீட். ஹெமட்டோடஸ் என்ற பழைய பெயர் இன்று அதற்குரியது.

இந்தப் பிரிப்பு அண்மைக் காலத்தது என்றாலும், வேறுபாட்டைக் கண்டவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். கிழக்குக் கரைப் பறவைக்கு 1788இல் க்மெலின் அறிவியல் பெயர் சூட்டினார். செங்கழுத்தை 1827இல் விகோர்ஸ், ஹார்ஸ்ஃபீல்டு ஆகிய இருவரும் தனி இனமாகவே விவரித்தார்கள். இடையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டவை மீண்டும் பிரிந்திருக்கின்றன என்றே இதைக் கொள்ள வேண்டும். கிழக்குக் கரைப் பறவைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1770இல் குக்கின் எண்டவர் கப்பலில் வந்த பசிபிக் தீவு மாலுமி தூப்பாயா, பாட்டனி விரிகுடாவில் பிடித்து வளர்த்த ஒரு பறவை கடல் கடந்து இங்கிலாந்து வரை உயிருடன் சென்று, அங்கே ஓவியமாகவும் வரையப்பட்டது.

இரண்டும் இயற்கையில் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வானவில் லோரிகீட் கேப் யோர்க் தீபகற்பத்திலும் அங்கிருந்து தெற்கே கிழக்குக் கரை நெடுகிலும் வாழ்கிறது. செங்கழுத்து, கிம்பர்லியிலிருந்து குயின்ஸ்லாந்தின் வடமேற்கு எல்லையோரம் வரை வாழ்கிறது. இடையே கார்ப்பென்டாரியா வளைகுடாவின் தென்கரையில் மரமற்ற, வறண்ட புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. தேன் தரும் மரங்களையும், கூடு வைக்க மரப்பொந்துகளையும் நம்பி வாழும் பறவைக்கு அது கடலுக்கு ஒப்பான தடை. லோரிகீட்டுகளை மட்டுமல்ல, வேறு பல பறவைகளையும் கிழக்கு, மேற்கு என்று பிரித்து வைத்திருக்கும் நிலப்பகுதி அது.

இரண்டும் ஒன்றோடொன்று கலக்காத நிலையில், அவற்றை இனமாகக் கொள்வதா துணையினமாகக் கொள்வதா என்பது அறிஞர்களின் மதிப்பீட்டைப் பொறுத்தது. நிறம், நிலப்பரப்பு, மரபணு மூன்றையும் சேர்த்தே அதை முடிவு செய்கிறார்கள். கூண்டில் ஒன்றாக வைத்தால் இவை எளிதில் இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கும் என்பதைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வதுண்டு. என் பார்வையில் அந்த வாதம் வலுவற்றது. மரபால் நெருங்கிய கிளிகள் கூண்டில் கலப்பது இயல்பு. பிரிஸ்பேன் பகுதியில் வானவில் லோரிகீட் செதில்மார்பு லோரிகீட்டோடு காட்டிலேயே கலப்பதுண்டு. ஆயினும் அவ்விரண்டையும் ஓரினம் என்று எவரும் சொல்வதில்லை. செயலி சொல்வதைப் பின்பற்றித் தனித்தனியாகவே பதிவு செய்யுங்கள். நாளை பட்டியல் மாறினாலும் உங்கள் பதிவு பயன்படும். ஒன்றாகப் பதிவு செய்துவிட்டால் பின்னர் பிரிக்க இயலாது.

ஒரு சிறு எச்சரிக்கை. கூண்டுப் பறவை வாணிபத்தில் ரெயின்போ லோரி என்ற ஒரே பெயரில் இந்த இனங்கள் பலவும் விற்கப்படுகின்றன. சிங்கப்பூரில் கூண்டிலிருந்து தப்பிய தென்னை லோரிகீட்டுகள் வெளியே பறந்து திரிகின்றன. அவற்றைப் படமெடுத்து வானவில் லோரிகீட் என்று பகிர்வோர் பலர். தென்னை லோரிகீட்டின் பிடரியும் மஞ்சள்பச்சைதான். ஆனால் அதன் சிவந்த மார்பில் கருநீலக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். எனவே உங்கள் தோட்டத்துப் பறவையின் மார்பில் கோடுகள் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயற்கையில் லோரி இனம் (லோரிகீட்டுகளும் அடங்கிய, தேன் நக்கும் கிளிக் கூட்டம்) எதுவும் இல்லை. என்றாலும் நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளியான பட்ஜெரிகார், லோரிகளுக்கு மிக நெருங்கிய உறவு. விதை தின்னும் அதுவும் தேன் நக்கும் இதுவும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.


நொச்சிநிழல் (பேர்த்) எழுதியது:

வணக்கம். இந்த இரண்டு இனங்களும் எங்கள் மேற்கு அவுஸ்திரேலிய மாநிலத்திலேயே இருக்கின்றன. ஒன்று மாநிலத்தின் வடகோடியில், சொந்த மண்ணில். மற்றது தென்மேற்கில், மனிதர் கொண்டுவந்து விட்டதால். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வரும் தீங்கைப் பேர்த்தில் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

பேர்த் நகரில் வானவில் லோரிகீட் இயற்கையாக இருந்ததில்லை. 1960களின் பிற்பகுதியில், பல்கலைக்கழக வளாகத்தை அண்டிய பகுதியில், கூண்டிலிருந்து விடப்பட்ட அல்லது தப்பிய சில பறவைகள் காணப்பட்டன; அவை பத்துக்கும் குறைவானவை என்றே பதிவுகள் கூறுகின்றன. இன்று அவை பல்லாயிரக்கணக்கில் பெருகி, மாலையில் கடைத்தெருக்களின் மரங்களில் அடையும்போது எழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடிவதில்லை. ஸ்வான் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோருக்கு இவை பெரும் இழப்பைத் தருகின்றன. அதைவிட எனக்கு வருத்தம் தருவது மரப்பொந்துகள் பறிபோவதுதான். இம்மண்ணுக்கே உரிய செந்தொப்பிக் கிளி, டுவென்டி-எயிட் என்று உள்ளூரார் அழைக்கும் கழுத்துவளையக் கிளி, இப்பகுதியின் சொந்த லோரிகீட்டாகிய சின்னஞ்சிறிய ஊதாத்தலை லோரிகீட் ஆகியவை முட்டையிட வேண்டிய பொந்துகளுக்கு வானவில் லோரிகீட் கூட்டமாக வந்து சண்டையிடுகிறது. ஒரு யூகலிப்டஸ் மரத்தில் நல்ல பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் இந்தப் போட்டியின் கடுமை விளங்கும்.

ஆகவே மாநிலத்தின் தென்மேற்கில் வானவில் லோரிகீட் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தீங்குயிர். கிம்பர்லியில் வாழும் செங்கழுத்தோ பாதுகாக்கப்பட்ட சொந்தப் பறவை. ஓரினமாகவே எண்ணியிருந்தால் இந்த வேறுபாட்டை மக்களுக்கு விளக்குவதே கடினமாகியிருக்கும். நியூசிலாந்திலும் 1990களில் ஒக்லாந்தில் ஒருவர் அவிழ்த்துவிட்ட வானவில் லோரிகீட்டுகள் பெருகத் தொடங்கியதும், அந்நாட்டு அரசு அவற்றைப் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. தஸ்மேனியாவிலும் இவை குடியேறியிருக்கின்றன.

உங்கள் தோட்டத்துப் பறவையைப் பற்றிச் சகோதரர் கானக்குயில் எழுதியதை வாசித்ததும் எனக்கு எழுந்த கவலை இதுதான். அது உண்மையிலேயே வானவில் லோரிகீட் என்றால், வளர்த்தவர் வீட்டிலிருந்து தப்பிய பறவையாகவே இருக்க வேண்டும். பேர்த்துக்கும் கிம்பர்லிக்கும் இடையே பெரும் பாலைவெளி இருப்பதால், எங்கள் ஊர்த் தீங்குயிர் செங்கழுத்தை எட்டவில்லை. டார்வினில் அப்படி ஒரு தடை இல்லை. தப்பிய பறவை நேராகச் செங்கழுத்துக் கூட்டத்தின் நடுவிலேயே இறங்கும், இணையும் தேடும். ஒரு பறவைதானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேர்த்திலும் ஒரு சில பறவைகளில்தான் எல்லாம் தொடங்கியது.


மாங்கொழுந்து (டார்வின்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன அடையாளங்களை எழுதிவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் தொலைநோக்கியை வாங்கி, காலையில் கிரெவில்லியா செடிக்கு அருகே காத்திருந்து பார்த்தேன்.

அலகு நன்கு சிவந்திருக்கிறது. நுனியில் மட்டும் சற்று மஞ்சள். கண் சிவப்பு. மார்பின் நடுவே சிவப்பும் ஓரங்களில் மஞ்சளும் உண்டு, குறுக்குக் கோடுகள் இல்லை. பக்கத்தில் தொங்கிய செங்கழுத்தின் வயிறு கறுப்பாக இருக்க, இதன் வயிறு வெயிலில் தெளிவான நீலமாகத் தெரிந்தது. பிடரிப் பட்டைக்குக் கீழே கருநீலம் இல்லை, நேராகப் பச்சைதான். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது ஒரு காலால் பூங்கொத்தைப் பிடித்து இழுத்தது. அப்போது மற்றக் காலில், விரல்களுக்குச் சற்று மேலே, உலோக வளையம் ஒன்று ஒளிர்ந்தது. எண்ணைப் படிக்க முடியவில்லை.

ஆக, இது வளர்ப்புப் பறவை என்பதில் ஐயமில்லை. இதைப் பிடிப்பதற்காகத் தட்டில் தேனும் நீரும் கலந்து வைக்கலாமா என்று மனைவி கேட்கிறார். பிரிஸ்பேனில் அண்டை வீட்டார் அப்படித்தான் லோரிகீட்டுகளை வரவழைப்பார்கள். கூட்டத்தில் இன்னொரு பறவை நடக்கத் தள்ளாடுகிறது, பறக்கத் தயங்குகிறது. அதுவும் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.


வெண்ணாரை (கோல்டு கோஸ்ட்) எழுதியது:

வணக்கம். காட்டுயிர் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இரண்டு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் தருகிறேன்.

முதலில் தேன்தண்ணீர். வேண்டாம். லோரிகளின் நாக்கு நுனியில் மெல்லிய நீட்சிகள் தூரிகை மயிர் போல் எழுந்து, பூவின் மகரந்தத்தையும் தேனையும் ஒற்றியெடுக்கின்றன. அவற்றின் புரதத் தேவையைப் பெருமளவு தருவது மகரந்தம்தான். தேன்தண்ணீரிலும் சர்க்கரையிலும் ரொட்டியிலும் அது இல்லை. அவற்றையே தின்று வளரும் குஞ்சுகளின் எலும்பும் இறகும் நலிந்துபோகின்றன. விதையை அரைத்துச் செரிக்கும் வலிமையும் இவற்றின் இரைப்பைக்கு மற்றக் கிளிகளைப் போல் இல்லை. இவற்றைவிடப் பெரிய ஆபத்து தட்டில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் வெப்பத்தில் இனிப்பு நீர் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும்; பல பறவைகள் எச்சமிட்டபடியே ஒரே தட்டில் உண்ணும்போது, குடலை அழுகச் செய்யும் கிளாஸ்ட்ரிடியம் நுண்ணுயிர் பரவி, முதல் நாள் நன்றாக இருந்த பறவை மறுநாள் இறந்து கிடக்கும். அலகையும் இறகையும் தாக்கும் நச்சுயிரி நோயும் இத்தகைய தட்டுகள் வழியாகப் பரவுகிறது. இறகுதிர்ந்து பறக்க இயலாமல் தரையில் ஓடும் வானவில் லோரிகீட்டுகளை மருத்துவமனையில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

எங்கள் பகுதியில் உள்ள கரம்பின் சரணாலயமே லோரிகீட்டுகளுக்கு உணவிட்டதில் தோன்றியதுதான். அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற மலர்த் தோட்டக்காரர், தம் பூக்களைக் காப்பாற்றிக்கொள்ள 1947இல் பறவைகளுக்கு வேறிடத்தில் உணவு வைக்கத் தொடங்கினார். அந்த நிகழ்வின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தட்டுகளைக் கழுவி, முறையான உணவைக் கலந்து கொடுப்பதும், வீட்டு மாடத்தில் தட்டு வைப்பதும் ஒன்றாகாது. பறவைகள் வர வேண்டுமென்றால் கிரெவில்லியாவும் பேப்பர்பார்க்கும் நடுங்கள். தண்ணீர் வைப்பதானால் வெறும் நீரை நாள்தோறும் மாற்றி வையுங்கள்.

இனித் தள்ளாடும் பறவை. டார்வினிலும் அதை ஒட்டிய பாமர்ஸ்டனிலும் செங்கழுத்து லோரிகீட்டுகள் நிலைதடுமாறிக் கீழே விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது. 2010இல் ஏராளமான பறவைகள் அப்படி மீட்கப்பட்டன. புளித்த தேனைக் குடித்து மயங்கிவிட்டன என்று ஊரார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது போதையன்று, நோய். கவனிக்காவிட்டால் பறவை இறந்துவிடும். கிழக்குக் கரையில் வானவில் லோரிகீட்டுகளுக்கு வருவது லோரிகீட் பக்கவாதம். 2012 முதல் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்திலும் நியூ சௌத் வேல்ஸின் வடபகுதியிலும் வெப்ப மாதங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் இதற்கு இரையாகின்றன. முதலில் பறக்கும் ஆற்றல் போகும். பின்னர் இமைக்க முடியாது, விழுங்க முடியாது, குரல் மாறிவிடும். ஏதோ ஒரு தாவரத்தின் நச்சு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். பறவைகள் எந்தப் பூவை, எந்தக் கனியைத் தின்கின்றன என்று பொதுமக்கள் படமெடுத்துத் தருவது அந்தத் தேடலுக்குப் பெரிதும் உதவுகிறது.

டார்வின் நோயையும் எங்கள் பக்கத்துப் பக்கவாதத்தையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள். இங்கே வருவதில் கைகால் தளர்ச்சி முதன்மை; அங்கே வருவதில் தள்ளாட்டமும் மூச்சுத்திணறலும் சேர்ந்து காணப்படும். எதுவாயினும் முதலுதவி ஒன்றே. மெல்லிய துண்டைப் போர்த்திப் பிடித்து, காற்று புகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் நீரோ உணவோ ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத பறவைக்கு அது நுரையீரலில் போய்விடும். உடனே உங்கள் பகுதிக் காட்டுயிர் மீட்பாளர்களை அழையுங்கள். முறையான பராமரிப்பில் பல பறவைகள் தேறுகின்றன, ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வளையமிட்ட பறவையையும் நீங்களே பிடிக்க முயல வேண்டாம். மீட்பாளர்களிடம் பொறிக்கூண்டு இருக்கும். வளைய எண்ணைக் கொண்டு உரிமையாளரைத் தேடவும் அவர்களால் முடியும்.


மாங்கொழுந்து (டார்வின்) எழுதியது:

அம்மா, உங்கள் பதிலைப் படித்தவுடன் மீட்பாளர்களை அழைத்துவிட்டோம். தள்ளாடிய செங்கழுத்தை அன்றே எடுத்துச் சென்றார்கள். உண்கிறது, ஆனால் இன்னும் பறக்கவில்லை என்று சொல்கிறார்கள். வானவில் லோரிகீட் அவர்கள் வைத்த கூண்டுக்குள் தானாகவே நுழைந்துவிட்டது. மனிதர் கையிலிருந்து உண்டு பழகிய பறவை என்பது அதன் நடத்தையிலேயே தெரிந்தது. வளைய எண்ணை வைத்து வளர்த்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் எடுத்த படங்களைச் செயலியில் பதிவேற்றலாமா? இங்கே இல்லாத இனம் என்று அது எச்சரிக்கிறது.


கானக்குயில் (பிரிஸ்பேன்) எழுதியது:

தாராளமாகப் பதிவேற்றுங்கள். எச்சரிக்கையைக் கண்டு பதிவை விட்டுவிடக் கூடாது. குறிப்புப் பகுதியில் காலில் வளையம் இருந்தது, பிடிக்கப்பட்டது என்ற இரண்டையும் எழுதிவிட்டால், சரிபார்ப்பவர்கள் அதைத் தப்பிய வளர்ப்புப் பறவை என்ற வகையில் சேர்த்துவிடுவார்கள். இயல்பான பரவல் வரைபடத்தில் அது குழப்பம் செய்யாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அது எவ்வளவு காலம் வெளியே இருந்தது என்பது நமக்குத் தெரியாது. வரும் மாதங்களில் உங்கள் தோட்டத்துக்கு வரும் இளம்பறவைகளின் வயிற்றையும் பிடரிக்குக் கீழுள்ள பட்டையையும் கவனித்துக்கொண்டே இருங்கள். பிடரி செம்மஞ்சளாக இருந்து வயிறு நீலமாகவோ, வயிறு கறுப்பாக இருந்து கருநீலப் பட்டை இல்லாமலோ ஏதாவது தென்பட்டால், முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, இதே இழையில் சேர்த்துவிடுங்கள்.